தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் நான்கு ஆண்டுகள்

2018 ஜூன் மாதம் சென்னை திருவல்லிக்கேணியில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, தாம்பரத்தையும் தாண்டித் தெற்கே, ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே சொந்தமாக வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனோம். 2022 மே மாதம் அந்தச் சொந்த வீட்டை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, நாங்கள் மறுபடியும் வாடகைக் குடித்தனமாகக் குரோம்பேட்டைக்கு வந்து சேர்ந்தோம். என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஆண்டுக்கு ஒரு முறை முப்பது நாள் விடுப்பில் வருவார். ஆகவே வீடு பார்த்தது, வங்கிக்கு அலைந்தது, தண்ணீர் லாரிக்காக விழித்திருந்தது, மாமியாரை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு போனது என எல்லாவற்றையும் நான் தனியாகவே செய்தேன். அந்தப் பக்கம் வீடு வாங்கலாமா என்று யோசிக்கும் ஒருவர், நான் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திருவல்லிக்கேணி வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. 480 சதுர அடி, வாடகை 12,500 ரூபாய். ஒரு ஆள் மட்டுமே ஏறக்கூடிய செங்குத்தான படிக்கட்டு. மாமியாருக்கு முழங்கால் வலி தொடங்கிய பிறகு, பார்த்தசாரதி கோவிலுக்கு ஐந்து நிமிட நடையில் இருந்துகொண்டே அவர்களால் மாதம் ஒரு முறைகூடக் கோவிலுக்குப் போக முடியவில்லை. மகனுக்கு விளையாட இடம் இல்லை. வீட்டுக்குள் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் வாடகை ஏறியது. அந்த நேரத்தில்தான், சென்னையிலிருந்து தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையை ஒட்டி 36 லட்சத்துக்கு இரண்டு படுக்கையறை வீடு என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. அந்தப் பணத்துக்குத் திருவல்லிக்கேணியில் ஒரு அறைகூட வாங்க முடியாது. எட்டு லட்சம் கையில் இருந்தது. 28 லட்சம் வங்கிக் கடன். மாதத் தவணை 24,500. வாடகைக்குக் கொடுக்கும் பணத்தோடு இன்னொரு பங்கு சேர்த்தால் சொந்த வீடு என்று கணக்குப் போட்டோம். நான் அன்றைக்குப் போட்ட கணக்கில் இருந்த எண்கள் எல்லாம் சரியானவை. கணக்கில் சேர்க்காமல் விட்டவைதான் பின்னால் வந்தன.

வீட்டைப் பார்க்க விற்பவர்களே கார் அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பி, சரியாக ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம். வெயில் இதமாக இருந்தது, வேப்ப மரத்தடியில் காற்று வந்தது, தண்ணீர்க் குழாயைத் திறந்து காட்டினார்கள், தண்ணீர் கொட்டியது. நான் நவம்பர் கடைசியில் போயிருந்தேன். மழைக்காலத்தில் எந்த ஊரிலும் குழாயில் தண்ணீர் வரும். இப்போது யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வீட்டை மூன்று முறை பாருங்கள். ஒரு முறை, திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்று, விற்பவரின் காரில் ஏறாமல், நீங்கள் தினமும் எப்படிப் போவீர்களோ அப்படியே அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். அன்று மாலையே அதே வழியில் திரும்பி வாருங்கள். இன்னொரு முறை மே மாதத்தில் போய், அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் லாரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, யார் பணம் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது முறை, இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்த மறுநாள் போங்கள். அவசரப்படுத்தும் விற்பனையாளர், "இந்த வாரமே முன்பணம் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்" என்பார். எங்கள் குடியிருப்பில் அப்படிச் சொல்லப்பட்ட பல வீடுகள் ஓராண்டு கழித்தும் விற்காமல் பூட்டியே கிடந்தன.

விலையைப் பற்றியும் ஒரு சொல். 940 சதுர அடி என்று விளம்பரத்தில் இருந்தது. குடிபோன பிறகு நானே நாடாவைப் பிடித்து அளந்தபோது, சுவருக்குள் நடமாடக் கிடைத்த இடம் 690 சதுர அடிதான். மீதியெல்லாம் படிக்கட்டு, மின்தூக்கி, நடைவழி ஆகியவற்றில் எங்கள் பங்கு. நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சுவருக்குள் கிடைக்கும் தரைப்பரப்பு எவ்வளவு, மொத்த மனையில் உங்கள் பேருக்கு வரும் பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு விற்கும்போது மதிப்புக் கூடுவது நிலத்துக்கே தவிரக் கட்டடத்துக்கு அல்ல. தாய்ப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. என்ற அரசுத் திட்ட அமைப்பின் ஒப்புதல், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் ஆகியவற்றை வங்கி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், சொந்தமாக ஒரு வழக்குரைஞருக்குக் காட்டினேன். அது மட்டும் நான் சரியாகச் செய்த வேலை. பத்திரச் செலவையும் முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள். இப்போது விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆகின்றன. அதற்கும் மேல் அலமாரி, சமையலறை மேடை, கொசுவலை, திரைச்சீலை, இன்வெர்ட்டர் என்று எங்களுக்கு 4,20,000 ரூபாய் ஆனது. அதில் பெரும்பகுதி நகையை அடகு வைத்துப் புரட்டியது.

இனிப் பயணம். என் அலுவலகம் அண்ணா சாலையில், ஆயிரம் விளக்குக்கு அருகில் இருக்கிறது. திருவல்லிக்கேணியிலிருந்து பேருந்தில் இருபது நிமிடம். ஊரப்பாக்கத்திலிருந்து வீட்டு வாசல் தொடங்கி அலுவலக நாற்காலி வரை ஒரு மணி ஐம்பது நிமிடம். விளம்பரத்தில் "ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிடம்" என்று இருந்தது. அது இரண்டு சக்கர வண்டியில் போகிறவருக்கான கணக்கு. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இரண்டே முக்கால் கிலோமீட்டரை ஷேர் ஆட்டோவில் கடக்க வேண்டும். ஆட்டோ நிறைந்தால்தான் கிளம்பும். பிறகு மின்சார ரயில், எழும்பூரில் இறங்கி மறுபடியும் பேருந்து. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலை வழியாக மெட்ரோ ஓடத் தொடங்கியதும், கிண்டியில் மாறி ஆயிரம் விளக்கில் இறங்கிப் பார்த்தேன். பதினைந்து நிமிடம் மிச்சமானது, செலவு கூடியது. மாதக் கடைசியில் மறுபடியும் பேருந்துக்கே வந்துவிடுவேன்.

இந்தத் தடத்தைப் பற்றித் தெரியாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து புறப்படும் பல வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று அதற்கு அப்பால் போகச் செங்கல்பட்டு வண்டிதான் வேண்டும். அவற்றுக்கு இடையே உள்ள நேரம் அதிகம். மாலையில் எழும்பூர் நடைமேடையில் நிற்கும்போது, தாம்பரம் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பாதி இடத்தோடு கிளம்பிப் போகும். செங்கல்பட்டு வண்டி வரும்போது கதவருகே தொங்கத்தான் இடம் இருக்கும். ஒரு வண்டியை விட்டால் வீட்டுக்குப் போக முக்கால் மணி நேரம் தாமதம். குரோம்பேட்டையும் புறநகர்தான், கூடுவாஞ்சேரியும் புறநகர்தான் என்று ஒரே சொல்லால் சொல்கிறோம். ஆனால் தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் குடியிருப்பதும் அந்தப் பக்கம் குடியிருப்பதும் இரண்டு வேறு வாழ்க்கைகள். பெண்கள் பெட்டியில் எனக்கு நல்ல தோழிகள் கிடைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் உதிரி மல்லிகையை மடியில் கொட்டிக்கொண்டு சைதாப்பேட்டை வருவதற்குள் நான்கு முழம் கட்டிவிடுவார். இன்னொருவர் மறுநாள் குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரிப்பார். வீட்டில் செய்ய நேரம் இல்லாத வேலைகளை அவர்கள் ரயிலில் செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. ஒரு நாளைக்கு எனக்குக் கூடுதலாகப் போன நேரம் மூன்று மணி. மாதம் இருபத்து நான்கு வேலை நாள் என்றால் 72 மணி நேரம்; அதாவது இரவும் பகலும் சேர்ந்த மூன்று முழு நாள்கள். ஆண்டுக்கு 36 நாள். என் மகனின் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரையிலான காலத்தில் அந்த நாள்கள் போயின. நான் வீடு திரும்பும்போது அவன் சாப்பிட்டு முடித்துத் தூக்கக் கலக்கத்தில் இருப்பான். வீட்டுப்பாட நோட்டில் என் கையெழுத்துக்குப் பதிலாகப் பாட்டியின் கையெழுத்து இருக்கும். வீட்டின் விலையைச் சதுர அடிக் கணக்கில் ஒப்பிடுகிறவர்கள், தங்கள் வீட்டில் தினமும் நகரத்துக்குள் போய்வர வேண்டியவர்கள் எத்தனை பேர் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் என்றால் தாங்கலாம். எங்கள் வீட்டில் போகிறவளும் நான் ஒருத்தி, மற்ற எல்லா வேலைக்கும் இருக்கிறவளும் நான் ஒருத்தி.

2019 கோடையை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அந்த ஆண்டு ஜூனில் பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. நகரத்தில் இருந்தவர்களும் குடத்தோடு தெருவில் நின்றார்கள். ஆனால் திருவல்லிக்கேணியில் இருந்த என் பழைய அண்டை வீட்டாருக்குக் குடிநீர் வாரியத்தின் லாரி, தாமதமாகவாவது தெருமுனைக்கு வந்தது. எங்களுக்கு ஊராட்சிக் குழாயும் இல்லை, வாரியத்தின் லாரியும் இல்லை; ஆழ்துளைக் கிணறு ஒன்றுதான் கதி. அது ஏப்ரலில் மணலும் காற்றுமாகத் துப்பத் தொடங்கி, மே முதல் வாரத்தில் நின்றுவிட்டது. 48 வீடுகளுக்கு ஒரு நாளைக்கு 12,000 லிட்டர் லாரி இரண்டு வேண்டும். ஏப்ரலில் 1,600 ரூபாய்க்கு வந்த லாரி ஜூனில் 3,500 ரூபாய் ஆனது. வீட்டுக்கு மாதம் 4,300 ரூபாய்க்கு மேல். குடிப்பதற்குக் கேன் தண்ணீர் தனி. தவணை 24,500, பராமரிப்பு, லாரித் தண்ணீர், பள்ளி வேன் எல்லாம் போக, அந்த இரண்டு மாதமும் கணவர் அனுப்பிய பணத்தில் சேமிப்புக்கு ஒரு ரூபாய்கூட ஒதுங்கவில்லை.

குடியிருப்போர் சங்கத்தில் பொருளாளராக என்னைப் போட்டிருந்தார்கள். லாரி பகலில் வராது. இரவு ஒன்றரை, இரண்டு மணிக்குத்தான் வரும். முதல் பத்து நாள், வந்த லாரிக்குக் கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மறுநாள் மதியத்துக்குள் சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, காலியாகிவிடும். யார் அதிகம் செலவழிக்கிறார்கள் என்று வீட்டுக்கு வீடு சண்டை வந்தது. கீழ் வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர், "தங்கச்சி, லாரி எறக்குறதுக்கு முன்னால மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பாரும்மா" என்றார். அன்றிரவு லாரியின் பின்பக்க ஏணியில் ஏறி, ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஒட்டடைக் குச்சியை உள்ளே விட்டு எடுத்தேன். குச்சி முக்கால் உயரத்துக்குத்தான் நனைந்திருந்தது. 12,000 லிட்டர் என்று கொடுத்த பணத்துக்கு வந்தது ஒன்பதாயிரம் லிட்டர் அளவுதான். ஓட்டுநர், வழியில் மேடு பள்ளத்தில் சிந்திவிட்டது என்றார். மறுநாளிலிருந்து அளந்து, நனைந்த உயரத்தைச் சுண்ணாம்பால் குச்சியில் குறித்து, ஓட்டுநரிடமே காட்டிவிட்டுத்தான் இறக்கச் சொன்னோம். லாரி நிறைந்து வரத் தொடங்கியது. அந்தப் பத்து நாளில் மட்டும் எங்கள் சங்கம் இழந்தது ஏறத்தாழ 17,000 ரூபாய். லாரித் தண்ணீரை நம்பி வாழப் போகிறவர்கள் முதல் நாளே ஒரு குச்சியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சம்பின் கொள்ளளவு எத்தனை லிட்டர் என்பதை வீடு வாங்கும்போதே கேளுங்கள். சம்ப் சிறியதாக இருந்தால் பெரிய லாரியைக் குறைந்த விலைக்கு வாங்க முடியாது. கழிவுநீருக்கும் இதே கதைதான். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் தண்ணீர் உள்ளே வருவதற்கும் லாரி, வெளியே போவதற்கும் லாரி. இரண்டுக்கும் நீங்களே பணம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்த வீடு எனக்குக் கொடுத்ததைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. என் அலுவலகம் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது. திருவல்லிக்கேணியில் 480 சதுர அடிக்குள் மூன்று பேர் அடைபட்டிருந்தால் எங்கள் மாமியார் என்ன ஆகியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஊரப்பாக்கத்தில் மொட்டை மாடி இருந்தது. அங்கே கத்தரி, வெண்டை, கீரை வளர்த்தோம். மின்தூக்கி இருந்ததால் அத்தை தினமும் காலையும் மாலையும் கீழே இறங்கி, மதிலோரமாக நடப்பார்கள். அங்கேயே ஒரு கறிவேப்பிலைக் கன்றும் நட்டார்கள். விடியற்காலையில் மயில் அகவும் ஒலி கேட்கும். மகன் மதிலுக்குள்ளேயே சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டான். நகரத்தில் அவனுக்கு அதற்கு வழியே இருந்திருக்காது. எதிர்வீட்டுக் குடும்பத்துக்குத் தொற்று வந்தபோது, பதினான்கு நாளும் மற்ற வீடுகள் முறைவைத்துச் சாப்பாடு செய்து வாசலில் வைத்தோம். அந்த ஓராண்டில், பயணம் என்ற ஒன்று இல்லாதபோது, நான் வாங்கியது எவ்வளவு நல்ல வீடு என்று உணர்ந்தேன். வீடு அதே வீடுதான், ஊரும் அதே ஊர்தான். நான் தினமும் அங்கிருந்து கிளம்ப வேண்டியிருந்ததே எங்கள் துன்பத்துக்குக் காரணமாக இருந்தது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, புறநகரைக் குறைசொல்வதை நான் விட்டுவிட்டேன்.

2021 அக்டோபரில் ஓர் இரவு, ஒன்று நாற்பது இருக்கும், அத்தை என்னை எழுப்பி, "மூச்சு முட்டுதும்மா, நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்கு" என்றார்கள். நெற்றியெல்லாம் வியர்வை. 108-க்கு அழைத்தேன், அழைப்பை உடனே எடுத்தார்கள், வண்டியும் கிளம்பிவிட்டது. ஆனால் எங்கள் மனைப் பிரிவில் தெருப் பெயர்ப்பலகை ஒன்றுகூட இல்லை. ஒரே மாதிரியான ஒன்பது குறுக்குத் தெருக்கள், பாதியில் விளக்கும் இல்லை. ஓட்டுநர் மூன்று முறை திரும்ப அழைத்து வழி கேட்டார். என்னால் அத்தையை விட்டு நகர முடியவில்லை. பதினொரு வயது மகனை டார்ச்சோடு பிரதான சாலைக்கு அனுப்பினேன். இருட்டில், நாய்களுக்கு நடுவே, அவனை அப்படி அனுப்பியதை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது. வழியில் முதலில் நுழைந்த சிறிய தனியார் மருத்துவமனையில் இரவில் மருத்துவர் இல்லை. ஊசி போட்டு, பெரிய இடத்துக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அத்தையைச் சரியான இடத்தில் சேர்த்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று சொல்லிவிட்டு மருத்துவர் நிறுத்திக்கொண்டார். திருவல்லிக்கேணியில் இருந்திருந்தால் ஒருபுறம் ஓமந்தூரார் அரசு பல்நோக்கு மருத்துவமனை, மறுபுறம் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, இரண்டுமே நள்ளிரவில் பத்து நிமிடத்துக்குள்.

முதியவர்களோடு புறநகருக்குப் போகிறவர்கள் குடிபோன முதல் வாரத்திலேயே, இரவில் இதயப் பிரிவு மருத்துவர் பணியில் இருக்கும் மருத்துவமனை எது என்று நேரில் போய்க் கேட்டு, எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அருகில் உள்ளதற்குப் போகாமல், வசதி உள்ளதற்கே நேராகப் போங்கள். நான் பின்னால் செய்ததை நீங்கள் முன்னால் செய்யுங்கள்: சங்கத்தில் பேசி, வீட்டுக்கு 150 ரூபாய் வீதம் 7,200 வசூலித்து, ஒன்பது குறுக்குத் தெருக்களுக்கும் இரவில் ஒளிரும் பெயர்ப்பலகை வைத்தோம். ஊராட்சி வைக்கும் என்று மூன்று ஆண்டுகள் காத்திருந்த வேலை, இரண்டு வாரத்தில் முடிந்தது.

அந்த நவம்பரில் பெய்த மழையில் தெருவில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. வண்டி நிறுத்தும் தரைத்தளத்தில் கணுக்கால் அளவு. மருத்துவமனையிலிருந்து வந்து மூன்று வாரமே ஆன அத்தையை வைத்துக்கொண்டு, மின்சாரம் இல்லாமல், மின்தூக்கி இயங்காமல் மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பக்கத்துத் தேநீர்க்கடைக்காரர், 2015 டிசம்பரில் அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது என்றார். அந்த ஆண்டு டிசம்பர் 1 தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது; முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவள்தான் நானும். அடையாறு நதி ஆதனூர் ஏரிப் பக்கமிருந்துதான் கிளம்பி வருகிறது என்பதும், நான் வாங்கும் இடம் அதற்குப் பக்கம் என்பதும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்திருந்தன. இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை. விற்பவரிடம் கேட்காதீர்கள். பத்து ஆண்டுகளாக அங்கே கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள். பழைய மதில்களில் தண்ணீர் நின்ற கறை ஒரே மட்டத்தில் கோடுபோல ஓடும், அதைத் தேடுங்கள். நகரத்துக்குள் இருந்தால் வெள்ளம் வராது என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். ஆனால் நகரத்தில் தண்ணீர் வடியும்வரை போய்த் தங்க உறவினர் வீடு நடக்கும் தூரத்தில் இருக்கும். எங்களுக்கு அது முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

கணவர் 2022 பிப்ரவரியில் விடுப்பில் வந்தபோது இருவரும் உட்கார்ந்து கணக்கை எழுதினோம். நான்கு ஆண்டுகளில் தவணையாகக் கட்டியது 11,76,000 ரூபாய். அதில் அசல் குறைந்தது மூன்றேகால் லட்சம் அளவே. உள்வேலைகளுக்கு 4,20,000. மகனுக்குப் பள்ளி மாற்றியதில் போன நன்கொடை 40,000. மருத்துவமனைச் செலவைச் சேர்க்கவில்லை. அது எங்கிருந்தாலும் வந்திருக்கும். விற்கலாம் என்று புரோக்கரிடம் சொன்னபோது, 37 லட்சத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை. நாங்கள் வாங்கிய விலையும் உள்வேலைகளும் சேர்ந்தாலே 40 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆகவே விற்கவில்லை. 10,500 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டுவிட்டு, குரோம்பேட்டையில் ரயில் நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடையில் 16,000 ரூபாய்க்கு ஒரு வீட்டைப் பிடித்தோம். மாதம் 5,500 ரூபாய் கூடுதல் செலவு. அந்தப் பணத்துக்கு எனக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் திரும்பக் கிடைத்தது; அரசு மருத்துவமனை அருகில் கிடைத்தது; தாம்பரம் வண்டி, செங்கல்பட்டு வண்டி என்று பார்க்காமல் வந்த வண்டியில் ஏற முடிகிறது. திருவல்லிக்கேணிக்கே திரும்பியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அந்த மாடிப்படியில் அத்தையை மறுபடியும் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கு என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். மறைமலை நகரிலோ மகேந்திரா சிட்டியிலோ வேலை பார்ப்பவர் கூடுவாஞ்சேரியில் வீடு வாங்குவது நல்ல முடிவு. அவர் எதிர்த்திசையில் போகிறவர், ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். தென் மாவட்டத்துக்கு அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு, ஊரப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பெரிய வசதி. நாங்கள் இருந்த நாளில் விழுப்புரம் போக வேண்டுமானால், கோயம்பேடு வரை போய்த் திரும்பி அதே ஜி.எஸ்.டி. சாலையில் வருவதா, பெருங்களத்தூரில் சாலையோரம் பையோடு நிற்பதா என்று யோசிப்போம். வீட்டிலிருந்தே வேலை செய்பவர், ஓய்வுபெற்றும் உடல்நலத்தோடு இருப்பவர், வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த இரண்டு பேராவது இருப்பவர் தயங்க வேண்டியதில்லை. ஆனால் தனியாக ஒரு பெண் வேலைக்கும் போய், சிறு பிள்ளையையும் முதியவரையும் பார்த்துக்கொள்ள வேண்டிய குடும்பம் என்றால், தாம்பரத்தைத் தாண்டி வாங்குவதற்கு முன் அங்கே ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கட்டாயம் அதற்குள் வர வேண்டும். ஓராண்டு வாடகை ஒன்றேகால் லட்சம் வீணாகிறதே என்று தோன்றும். நான் அதைச் செய்யாததற்குக் கொடுத்த விலை மேலே எழுதியிருக்கிறது. நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது குரோம்பேட்டைக்கு வந்த பிறகுதான். ஊரப்பாக்கத்துக்குப் போகும் முன் கற்றிருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும்.

மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு, கணவரும் ஊரோடு வந்துவிட்டால், அந்த வீட்டுக்கே திரும்பிப் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அப்போது காலை ஏழரை மணி வண்டியைப் பிடிக்க வேண்டியவர் எங்கள் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அத்தை அதுவரை பொறுக்கத் தயார் என்கிறார்கள். மதிலோரம் அவர்கள் நட்ட கறிவேப்பிலைச் செடி இப்போது என் தோள் உயரத்தைத் தாண்டிவிட்டது. வாடகைக்கு இருக்கும் பெண், மாதம் ஒரு முறை வேலையாகக் குரோம்பேட்டைப் பக்கம் வரும்போது, ஒரு கொத்து ஒடித்துச் செய்தித்தாளில் சுற்றி எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறாள்.